மழைக்கால ஆந்தை: அந்தியா, டார்ச்சா, ஃபிளாஷா?

ஐப்பசி, கார்த்திகையில் ஆந்தையைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த லென்ஸ் வாங்கலாம்?” என்றுதான். எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் லென்ஸ் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

என் ஓட்டு அந்தி வெளிச்சத்துக்கே. ஊரோர மரப்பொந்துகளில் இருக்கும் புள்ளி ஆந்தை, பொழுது சாயும்போதே வெளியே வந்து கிளையிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்துவிடும். அசையாமல் இருக்கும் பறவைக்கு, கேமரா முக்காலியில் இருந்தால் 1/60 நொடி போதும். உங்களை முறைத்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டுகிறதா? மிரண்டிருக்கிறது என்று அர்த்தம், பத்தடி பின்வாங்குங்கள்.

கூகைக்கு மழை ஆகாது. ஓசையில்லாமல் பறப்பதற்கான அதன் மெத்தென்ற இறகுகள் எளிதில் நனைந்துவிடும். மழைச் சத்தத்தில் எலியின் அரவமும் காதில் விழாது. அடைமழையில் பட்டினி கிடந்த கூகை, மழை விட்டதும் இருட்டுவதற்கு முன்பே வேட்டைக்கு வர வாய்ப்புண்டு. எனவே மழை விட்ட மறுநாள் மாலையை விடாதீர்கள்.

நன்றாக இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் ஃபோகஸ் பிடிப்பது கஷ்டம். மங்கலான வெளிச்சமாக, முகத்தில் அடிக்காமல் பக்கத்துக் கிளையில் படும்படி, சில நொடிகள் மட்டும் காட்டலாம். கண்ணைச் சுருக்கினால் அணைத்துவிடுங்கள்.

ஃபிளாஷ் கடைசித் தேர்வு. தூறலில் அதுவும் வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் விழும் துளியெல்லாம் வெள்ளைப் பொட்டாகப் பதியும். கேமராவின் தலையிலேயே பொருத்தி அடித்தால் ஆந்தையின் கண்கள் பேய்ப்படம் மாதிரி ஜொலிக்கும்.

இப்போது லென்ஸ். பலரிடமும் இருப்பது 150-600 ஜூம். முழு நீளத்தில் அதன் துவாரம் எஃப் 6.3தான். எஃப் 2.8 லென்ஸ் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூமில் ஐஎஸ்ஓ 16000 கேட்கும் காட்சியை இதில் 3200-இலேயே எடுத்துவிடலாம், படம் சொரசொரக்காது. 300 எஃப் 2.8 விலை லட்சங்களில் போகும், வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய ஊர்ப்புற ஆந்தைக்கு 70-200 எஃப் 2.8 தாராளம். தூரத்துப் பாறையில் அமரும் கொம்பன் ஆந்தைக்குத்தான் 600 வேண்டும். அதையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

மழை உறைக்குப் பெரிய செலவு தேவையில்லை. பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் போதும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமரா பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

படத்தைப் பகிரும்போது ஊர்ப் பெயரையும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும், மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பது நாட்டில் இன்னும் நிற்கவில்லை. தீபாவளியை ஒட்டித்தான் அது அதிகம்.