வீட்டுப் பூனைக்கு ஆகாத பொருள்கள்

தோட்டப்புற வீடுகளில் எலித் தொல்லையை அடக்குவதில் பூனை ஆற்றும் பணி சிறிதன்று. ஆயினும், நாம் அறியாமலே அதற்குத் தீங்கு செய்துவிடுகிறோம். பூனை தானாக நஞ்சைத் தேடி உண்பது அரிது. நாம் கொடுத்த பொருளும் கவனமின்றி வைத்த பொருளுமே பெரும்பாலும் அதன் உயிருக்கு உலை வைக்கின்றன.

முதலாவது, மருந்து. மனிதருக்கு ஏற்ற மருந்து பூனைக்கும் ஏற்றது என்று எண்ணுதல் தவறு. காய்ச்சலுக்கு நாம் உட்கொள்ளும் பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொல்லக்கூடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறுகள் பழுப்பு நிறமாகும், மூச்சுத் திணறும்.

இரண்டாவது, உணவு. மிஞ்சிய குழம்புச் சோற்றைப் பூனைக்கு இடுவது நம் வழக்கம். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் இக்குணம் மாறாது. ஆகவே, குழம்பு கலவாத மீனும் சோறும் இடுவதே நன்று.

மூன்றாவது, உரோமத்தில் ஒட்டும் பொருள்கள். பூனை தன் உடலை நக்கியே தூய்மை செய்துகொள்கிறது. களைக்கொல்லி, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம், தரை கழுவும் பினாயில் ஆகியவை காலில் பட்டால் நாவின் வழியே வயிற்றை அடையும். தரை நன்கு உலரும்வரை பூனையை உள்ளே விடலாகாது.

நான்காவது, நூல். பூனை நாவின் முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலை அது எளிதில் உமிழ இயலாது. விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடக்கூடும். நூலின் முனை வெளியே தெரிந்தாலும் இழுக்காதீர்.

ஐந்தாவது, எலி மருந்து. இவற்றுட் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனைக்கும் ஆபத்து உண்டு. தீங்கு உடனே தெரியாது. சில நாள் கழித்தே சோர்வும் இரத்தக் கசிவும் தோன்றும். காலத்தே சென்றால் கால்நடை மருத்துவர் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றக்கூடும்.

பூனை நஞ்சுண்டதாக ஐயம் எழுந்தால், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர். நஞ்சின் போத்தலையோ உறையையோ கையோடு எடுத்துக்கொண்டு, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை நாடுவீர்.

நஞ்சுப் பொருள்களைப் பூட்டி வைக்கும் பழக்கம் இன்றே தொடங்கட்டும். பூனைக்கு எட்டும் இடம் நம் குழந்தைகளுக்கும் எட்டும் இடமன்றோ!