முதுகு தடித்த பிச்சாத்தி ஏத்தங்காய் நறுக்காது

வடசேரிச் சந்தையிலோ திங்கள்சந்தையிலோ பிச்சாத்தி என்கிற மடக்குக் கத்தி வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அலகை விரிப்பார்கள், நகத்தில் கூர் பார்ப்பார்கள், கையில் தூக்கிப் பார்த்து ‘நல்ல கனமாட்டு இருக்கு’ என்று பையில் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் ஏத்தங்காயில் வைக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். கூர் வழியைத் திறந்துவிடும். ஆனால் பின்னால் வருகிற அலகும் அதே வழியில் நுழைய வேண்டுமே. தடித்த அலகு நுழையாது, விறகில் அடித்த ஆப்பு மாதிரி பிளக்கும். கூர் எவ்வளவு இருந்தாலும் இதுதான் கதை.

செய்ய வேண்டியவை

● வாங்கும்போது அலகை முனைப்பக்கமாகத் திருப்பி, முதுகின் தடிமனைப் பாருங்கள். பழம், காய்கறி, கயிறு, தாள் என்று அன்றாட வேலைக்கு 2 மில்லிமீட்டர் தாராளம். பிரான்சில் 1890 முதல் செய்துவரும் ஒப்பினெல் மடக்குக் கத்தியின் 8-ஆம் எண் அலகு அதற்கும் மெலிசு. மரப்பிடி போட்ட அந்த எளிய கத்தி, அதைவிடப் பலமடங்கு விலையுள்ள தடியன்களை நறுக்குவதில் தோற்கடிக்கும்.

● முதுகை மட்டும் பார்த்தால் போதாது, சரிவு எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு கணக்குப் போடுவோம். அலகின் அகலம் 20 மில்லிமீட்டர், முதுகுத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். முதுகிலிருந்தே சரித்து இறக்கினால் இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 10 பாகைதான் வரும். அதே அலகைப் பாதி அகலம்வரை தட்டையாக விட்டு, நடுவிலிருந்து சரித்தால் 20 பாகை ஆகிவிடும். இரும்பு அதே, தடிமன் அதே, நறுக்கும்போது வேறு கத்தி. 2 மில்லிமீட்டர் அலகை முதுகிலிருந்து சரித்தால் 6 பாகைக்கும் கீழே. மரச்சீனிக்கிழங்கு அதற்குத் தலைவணங்கும்.

● சோதிக்க வேண்டுமானால் பச்சை ஏத்தங்காயில் சோதியுங்கள். மட்டிப்பழத்தில் வைத்துவிட்டுக் கத்தியை மெச்ச வேண்டாம். பழச்சதை விலகிக் கொடுக்கும், எந்தக் கத்தியும் ஓடும். காய் விலகாது. தோலை உரித்து உப்பேரிக்குச் சீவுவது போல ஒரு வில்லை சீவுங்கள். மெல்லிய அலகு என்றால் வில்லையின் இரு முகமும் வழவழவென்று இருக்கும். தடித்தது என்றால் பாதியில் ‘டக்’கென்று ஒரு சத்தம்; வில்லையின் மேல்பாதி வெட்டுப்பட்டிருக்கும், கீழ்ப்பாதி ஒடிந்து சொரசொரத்திருக்கும். மரச்சீனியில் இன்னும் தெளிவு: கூர் போய்ச் சேருமுன்னே வெடிப்பு முன்னால் ஓடிவிடும்.

● குழிவான சரிவுள்ள கத்தியின் இயல்பைத் தெரிந்து வாங்குங்கள். பழைய சவரக்கத்தி அந்த வகை. வாயருகே காகிதம்போல் மெலிந்து, மேலே போகப் போகச் சட்டென்று தடிக்கும். தோல் சீவ, நார் அறுக்க, மேலோட்டமான வேலைக்கு அருமை. ஒட்டுமாங்காயில் ஆழமாக இறக்கினால் அந்தத் தடித்த தோளில் முட்டி நிற்கும். இரு பக்கமும் லேசாகப் புடைத்த சரிவு உறுதி கூடியது, சீவிய வில்லையும் அதில் அவ்வளவாக ஒட்டாது.

● வீட்டில் தீட்டும்போது நுனிக்கூருக்கு மட்டும் பக்கத்துக்கு 15 பாகை வைத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் அகல அலகின் முதுகு, கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் கணக்குச் சரி. கயிறு அறுக்கவென்றே வைத்திருக்கும் கத்தியை வழவழப்பாகத் தீட்டாமல் நடுத்தரக் கல்லோடு நிறுத்துங்கள். அந்தச் சின்னச் சொரசொரப்புதான் நாரைக் கவ்வும்.

● சக்கை வெட்டுமுன் அலகில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மெல்லிய அகன்ற அலகில் சக்கைப்பால் பிடித்தால் எப்பேர்ப்பட்ட சரிவும் பயன்படாது. குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போட்டே மடக்க வேண்டும். உப்புக்காற்று மெல்லிய வாயைத்தான் முதலில் தின்னும்.

செய்யக்கூடாதவை

● ஒரே கத்தியை எல்லா வேலைக்கும் இழுக்காதீர்கள். நம் ஊர்த் தொழிலாளிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனையேறி, பாளையை அன்றாடம் மெல்லிசாகச் சீவுவதற்கென்றே தனி அருவாள் வைத்திருப்பார், அதை வேறெதிலும் வைக்க விடமாட்டார். கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர் ஒருமுறைக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், அதனால் அவர் கத்தியின் வளைவும் வாயும் அந்த ஒரு வேலைக்கே பிறந்தவை. சட்டைப்பைக் கத்தியிடம் மட்டும் ஏன் எல்லாம் எதிர்பார்க்கிறோம்?

● கருக்கு சீவ, தேங்காய் பொதிக்க, எலும்பு வெட்ட மடக்குக் கத்தியை எடுக்காதீர்கள். முதுகில் தட்டவும் கூடாது. மெல்லிய வாய் பல் உடையும், மூட்டு ஆணி தளரும். வெட்டருவாள் எதற்கு இருக்கிறது?

● பீங்கான் தட்டு, எவர்சில்வர் தாம்பாளம், கருங்கல் திண்ணை, இவற்றின்மேல் வைத்து நறுக்காதீர்கள். மரப்பலகை போதும்.

● நுனிக்கூரை மட்டும் தீட்டித் தீட்டி வருடங்களை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு தீட்டலுக்கும் வாய் சற்று மேலே, அதாவது தடித்த பகுதிக்குள் ஏறுகிறது. ரோமம் வழிக்கும், காய் நறுக்காது என்ற நிலை இப்படித்தான் வருகிறது. கத்தி பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள், பாவம். கூருக்கு மேலே உள்ள தோளைக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து மெலித்தால் போதும், பழைய ஓட்டம் வந்துவிடும். பொறுமை மட்டும் வேண்டும்.

● மெல்லிய அலகைக் காய்ந்த சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். தடித்த அலகு சூட்டைத் தாங்கிப் பரப்பிக்கொள்ளும். மெல்லிய வாய் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். அங்கே பதம் போயிற்று, இனி கூர் நிற்காது. சாணைக்காரரிடம் நீட்டும்போதே, ‘அண்ணாச்சி, தோளை எறக்கித் தாருங்க, தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடியுங்க’ என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுங்கள்.