திருமண வீட்டாரும் வெளியூர் விருந்தினரும்

நிகாஹ் எனும் ஸுன்னத்தை நிறைவேற்றும் வீட்டார் மஹர், மண்டபம், வலீமா விருந்து என்று பல மாதங்களுக்கு முன்பே கணக்குப் பார்க்கிறார்கள். எத்தனை மரக்கால் அரிசி, எத்தனை ஆடு என்பதில் பிழை வருவதில்லை. ஆனால் அந்த விருந்தை உண்பதற்காக வெளியூரிலிருந்து வரும் உறவினர்களின் தொழுகை பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியாவது இருக்கிறதா? இதைப் பற்றித்தான் இந்த மாதம் சிறிது சிந்திக்க இருக்கிறோம்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு திருமணம். ஞாயிற்றுக்கிழமை நிகாஹ், திங்களன்று வலீமா. தென்கடலோர ஊர் ஒன்றிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர், ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். வியாழன் காலை வந்திறங்கினார். செவ்வாய் இரவு திரும்புவதற்குத் திருமண வீட்டாரே முன்கூட்டி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பயணிதானே என்று எண்ணி, ஜும்ஆவைத் தவிர மற்றத் தொழுகைகளையெல்லாம் விடுதி அறையிலேயே கஸ்ராகத் தொழுதிருக்கிறார். திங்கள் இஷாவுக்குப் பின் பேச்சுவாக்கில் என்னிடம் இதைச் சொன்னார். நான் மஸ்அலாவைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. விரல்விட்டு எண்ணினார். லுஹர், அஸர், இஷா என்று மொத்தம் 14 வக்துகள்! அன்றிரவு வலீமா வீட்டில் சிரிப்பும் பேச்சுமாய் இருக்க, அந்தப் பெரியவர் ஒரு மூலையில் நின்று ஒவ்வொன்றாகக் கழாச் செய்துகொண்டிருந்தார். "வரும்போதே ஒருவர் சொல்லியிருந்தால்!" என்று அவர் சொன்ன சொல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

சொல்லவேண்டியவர் யார்? அழைத்தவர்தாம்.

விருந்தினரின் உரிமை

நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வந்த விருந்தினரைப் பற்றித் திருக்குர்ஆன் 51-ஆவது அத்தியாயத்தில் கூறுகிறது. முன்பின் அறியாதவர்கள் வந்தபோதும், உணவு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நில்லாமல், அவர்கள் அறியாவண்ணம் வீட்டுக்குள் சென்று கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து முன்னே வைத்தார்கள். கேட்பதற்கு முன்பே விருந்தினரின் தேவையை உணர்வதுதான் உபசரிப்பு என்பது இதில் நமக்குள்ள பாடம். இன்று வெளியூரிலிருந்து வரும் முஃமினுக்குச் சோற்றை விட முந்திய தேவை எது? உளூச் செய்ய இடம், கிப்லாவின் திசை, வக்தின் நேரம், பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வழி. இவற்றைக் கேட்க வெட்கப்பட்டே பலர் வக்தைத் தவற விடுகிறார்கள். தொழுகை முஃமின்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை (4:103) என்பதில் திருமண வீட்டுக்கு விலக்கு ஏதும் இல்லை.

அழைப்பிதழோடு ஒரு தாள்

ஆகவே திருமண வீட்டார் அழைப்பிதழோடு இன்னொரு தாளையும் அனுப்பிவைப்பது நலம். அதிகச் செலவில்லை, ஒரு பக்கம் போதும். சென்னைத் திருமணம் என்றால் அதில் இருக்கவேண்டியவை இவை:

முதலாவது, நாள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அழைப்பிதழ் அச்சாகும் வரை காத்திராமல், அதற்கு முன்பே தேதியைத் தெரிவித்துவிட்டால்தான் வயோதிகர்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கும்.

இரண்டாவது, இறங்கும் இடம். தெற்கேயிருந்து வரும் ரயில் எழும்பூர் வரை செல்கிறதா, தாம்பரத்தோடு நின்றுவிடுகிறதா என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். தென்மாவட்டப் பேருந்துகளுக்கு 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையம் நகரின் நடுவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. கோயம்பேட்டையே நினைத்துக்கொண்டு வரும் முதியவர்கள் அங்கே திகைத்து நிற்கிறார்கள். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, அங்கிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் எழும்பூருக்கும், மண்ணடிக்கு அருகிலுள்ள கடற்கரை நிலையத்துக்கும் வந்துவிடலாம் என்று எழுதிவிடுங்கள். மண்ணடிக்கு மெட்ரோ ரயிலும் இருக்கிறது.

மூன்றாவது, தங்குமிடம். வாடகை குறைவென்று பள்ளிவாசலே இல்லாத பகுதியில் அறை பிடிக்கவேண்டாம். திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு போன்ற பகுதிகளில் பாங்கோசை அறைக்கே வந்து எழுப்பும். திருவல்லிக்கேணியில் தங்குவோர் 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழும் வாய்ப்பையும் பெறலாம்.

நான்காவது, கிப்லா. சென்னையில் கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்தது. கடலை முதுகுக்குப் பின்னே வைத்து நின்று, வலப்புறமாகச் சற்றே திரும்பினால் சரியாக இருக்கும். விருந்தினர் வருமுன் அறைச் சுவரில் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு ஒட்டிவைப்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற பணி.

ஐந்தாவது, ஓய்வு நேரம். ஊர் பார்க்கப் புறப்படுவோருக்கு வக்தை அனுசரித்து வழி சொல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. அஸர் தொழுதுவிட்டு மெரினா சென்று, மஃரிபுக்குத் திருவல்லிக்கேணிப் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.

பயணி யார்? எத்தனை நாள்?

இனி, முக்கியமான மஸ்அலாவுக்கு வருவோம். பயணத்தில் தொழுகையைச் சுருக்க 4:101-ஆவது வசனத்தில் இறைவன் இடமளித்துள்ளான். நான்கு ரக்அத்துத் தொழுகைகள் மட்டுமே இரண்டாகும். சுப்ஹும் மஃரிபும் சுருங்கமாட்டா.

தூரம்: இரு மத்ஹபுகளிலும் நம் ஆலிம்கள் கூறும் அளவு ஏறக்குறைய 80 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. ஆகவே செங்கற்பட்டிலிருந்து சென்னைத் திருமணத்துக்கு வருபவர் முழுமையாகவே தொழ வேண்டும். வேலூர், வாணியம்பாடி, நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்க்காரர்கள் பயணிகளே. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் இருப்போர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாட்கள்: இங்கேதான் பெரியவர் தவறினார். ஹனபி மத்ஹபில், ஓரூரில் 15 நாட்கள் தங்க நிய்யத் வைத்தால்தான் ஒருவர் உள்ளூர்வாசியின் சட்டத்துக்கு உட்படுவார். அதற்குக் குறைந்தால் அவர் பயணியே. கஸ்ர் செய்வது அவர்மீது வாஜிப். ஷாபிஈ மத்ஹபிலோ, வந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, முழுமையாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் இருந்தால், ஊருக்குள் வந்து சேர்ந்ததுமே பயணச் சலுகை முடிந்துவிடுகிறது.

மேற்சொன்ன திருமணத்தையே கணக்கிட்டுப் பாருங்கள். வியாழன் வந்து திங்கள் இரவு திரும்பினால் இடையில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆக மூன்றே நாட்கள். ஷாபிஈ விருந்தினர் கஸ்ர் செய்யலாம். செவ்வாயன்று திரும்பினாலோ திங்களும் சேர்ந்து நான்காகிவிடுகிறது. அவர் வியாழன் லுஹரிலிருந்தே முழுமையாகத் தொழ வேண்டும். இரு தொழுகைகளைச் சேர்க்கவும் கூடாது. வெள்ளியன்று ஜும்ஆவும் கடமை. அதே ரயிலில் வந்து, அதே நாளில் திரும்பும் ஹனபி உறவினரோ கடைசி நாள் வரை கஸ்ர்தான் செய்வார். ஒரே அறையில் தங்கிய சம்பந்திகள் இருவரில் ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் தொழுவதைப் பார்த்து யாரும் வாதாட வேண்டாம். இருவரும் தத்தம் இமாமைப் பின்பற்றியவர்களே.

ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் சட்டம் மாறிவிடுவதால், டிக்கெட் எடுப்பவர் திரும்பும் நாளை எல்லாருக்கும் சொல்லிவிடவேண்டும். பெண்களிடம் யாரும் சொல்வதேயில்லை. "என்றைக்குப் போகிறோம்?" என்று தாய்மார்கள் கேட்டால், ஊருக்குத் திரும்ப அவசரப்படுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். அவர்களுடைய தொழுகை அந்த விடையில் இருக்கிறது.

வழியில் கவனிக்க வேண்டியவை

ஷாபிஈ மத்ஹபில் பயணிக்கு லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிபா தவிர வேறிடத்தில் அவ்வாறு சேர்ப்பதில்லை. முந்திய தொழுகையை அதன் கடைசி நேரத்திலும் பிந்தியதை அதன் முதல் நேரத்திலும் தொழுது சிரமத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

சேர்ப்போரும் ஒன்றை மறந்துவிடலாகாது. பயணம் தொடங்குவது வீட்டுப்படி இறங்கும்போதல்ல. ஊரின் எல்லையைத் தாண்டும்போதுதான். இரவு ரயிலுக்குப் புறப்படும் முன் சொந்த வீட்டிலேயே மஃரிபோடு இஷாவைச் சேர்த்துத் தொழுதுவிட்டு வருவோர் இருக்கிறார்கள். அது கூடாது. திரும்பும்போது, சென்னையில் பயணியாகவே தங்கியிருக்கும் ஷாபிஈ விருந்தினர் விடுதியிலேயே சேர்த்துத் தொழுதுவிட்டு ரயிலேறலாம். முந்தியதை முதலில் தொழுவது, அதை முடிப்பதற்குள் சேர்க்கும் நிய்யத் வைப்பது, இரண்டுக்குமிடையே தாமதிக்காமல் இருப்பது ஆகிய நிபந்தனைகளைப் பேணிக்கொள்ள வேண்டும்.

இரவு ரயில்கள் பல சென்னையை நெருங்குவது சுப்ஹு நேரத்தில். ஓடும் ரயிலில் நின்று, கிப்லா நோக்கித் தொழ முடியுமானால் அவ்வாறே தொழ வேண்டும். முடியாதபோது வக்தின் கண்ணியத்துக்காக இயன்றவாறு தொழுது, பின்னர் மீட்டித் தொழ வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். அழைத்துச் செல்ல வரும் வாலிபர்கள், பெட்டியைத் தூக்குமுன், "சுப்ஹு தொழுதாயிற்றா, மாமா?" என்று கேட்டால் எவ்வளவு அழகு! சூரிய உதயத்துக்கு நேரமிருந்தால் நடைமேடை ஓரத்திலேயே தொழச் செய்து பிறகு அழைத்துச் செல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு எச்சரிக்கை. ஜும்ஆ கடமையானவர் அன்று சுப்ஹுக்குப் பின், வழியில் ஜும்ஆ கிடைக்க வாய்ப்பில்லாத பயணத்தைத் தொடங்குவது ஷாபிஈ மத்ஹபில் தடுக்கப்பட்டது. எனவே வெள்ளிக்கிழமைப் பகல் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டு விருந்தினரைச் சங்கடத்தில் ஆழ்த்தவேண்டாம். அவ்வாறே, தனித்திருக்கும் மாமி, விதவையான சித்தி ஆகியோரை அழைக்கும்போது, துணைக்கு வரத்தக்க மகனையோ சகோதரனையோ சேர்த்தே அழையுங்கள். மஹ்ரம் இன்றி அவர்கள் எப்படிப் பயணம் செய்வார்கள்?

மண்டபத்தில் ஜமாஅத்

மண்டபம் பேசும்போதே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத் தொழும் இடமும், உளூச் செய்யக் குழாயும் உண்டா என்று பாருங்கள். பெண்கள் பகுதியில் இடமில்லாமல் அஸரைப் பறிகொடுத்த சகோதரிகள் எத்தனை பேர்! மாலை வரவேற்பு என்றால் மஃரிபுக்குப் பிறகே விருந்தினரை விடுதியிலிருந்து அழைத்து வாருங்கள். சென்னையில் மஃரிப் நேரமும் சாலை நெரிசல் நேரமும் ஒன்று. மஃரிபின் வக்தோ குறுகியது.

ஜமாஅத்தில் பயணிகளும் உள்ளூரார்களும் கலந்திருப்பார்கள். உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நிற்கும் பயணி, எந்த மத்ஹபினராயினும், நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும். இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்துபோகக் கூடாது. பயணி இமாமாக நின்று கஸ்ர் செய்தால், உள்ளூரார் அவரோடு ஸலாம் கொடுக்காமல் எழுந்து மீதி இரண்டை நிறைவு செய்ய வேண்டும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மக்காவில் இரண்டு ரக்அத் தொழவைத்துவிட்டு, தாங்கள் பயணிகள் என்றும், மக்காவாசிகள் தங்கள் தொழுகையைப் பூர்த்தி செய்துகொள்ளுமாறும் அறிவித்தார்கள். கலீஃபாவே அறிவித்தார்கள் என்றால் நாம் அறிவிக்க ஏன் கூச்சப்பட வேண்டும்? தக்பீருக்கு முன்பே ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் வரிசை முழுவதும் பிழையிலிருந்து தப்பும்.

விருந்தினரின் கடமை

விருந்தினருக்கும் ஒழுக்கம் உண்டு. விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்குமேல் தர்மம் என்றும், வீட்டாரை நெருக்கடிக்குள்ளாக்கும்வரை தங்கியிருப்பது ஆகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் உண்டுமுடித்தும் பேச்சில் மூழ்கி உட்கார்ந்திருந்தவர்களைக் குறித்தே 33:53 வசனம் இறங்கிற்று. திருமணம் முடிந்த வீட்டில் அறை வாடகையும் கடன் கணக்கும் நின்றுகொண்டிருக்கும் என்பதை உணர்ந்து, வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புவது நபிவழி.

பெரியவர் ஊர் திரும்பிய பிறகு அந்த வீட்டில் அடுத்த மகளுக்கும் திருமணம் வந்தது. இம்முறை அழைப்பிதழுக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தார்கள். கிப்லா, பள்ளிவாசல், வக்து, எந்த நாளில் திரும்புவோருக்கு எந்தச் சட்டம் என அனைத்தும் அதில் இருந்தன. பெரியவர் அதை எனக்குக் காட்டி, "இது மண்டபத்துத் தோரணத்தை விட அழகு" என்றார்.

வீட்டுக்கு வரும் விருந்தினரின் வயிற்றோடு அவர்களுடைய வக்தையும் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.