மலைக்குப் போனால் மெடல் செல்லாது

லடாக் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டியில் இப்போது ஸ்வெட்டரோடு ஓட்டக் காலணியும் இடம்பிடித்துவிட்டது. முதல் நாள் சென்னையில் கடல்மட்டத்தில் சாப்பாடு, மறுநாள் டெல்லி வழியாக லே, சுமார் 3,500 மீட்டர். விமானம் சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. உடம்புக்கு நாள் கணக்கில் ஆகும். அதற்குள் வாட்ஸ்அப் வைத்தியம் முந்திக்கொள்கிறது.

"மலைக்காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு."
மெரினாவிலும் லேயிலும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது.

"தினமும் ஓடுகிறவருக்கு மலைநோய் வராது."
இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல், போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் தொடங்கும். யாருக்கு வரும் என்பதை உடல்வாகும், எவ்வளவு வேகமாக உயரம் ஏறினோம் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. மாரத்தான் மெடலுக்கு அங்கே மதிப்பில்லை. சொல்லப்போனால், தெம்புள்ளவர்தான் வந்து இறங்கிய அன்றே லேயில் உள்ள சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஓடிப் பார்ப்பார். சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பவரும் அவராகவே இருப்பார்.

"ஊட்டியெல்லாம் ஒரு உயரமா?"
ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். 10,000 மீட்டரில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் அங்கே ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். ஜெயித்த கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்த நேரமே உலக சாதனையைவிட ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் அதிகம். (அதே மெல்லிய காற்று நீளம் தாண்டுபவருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியது அங்கேதான்.) ஊட்டியில் மலைநோய் அபூர்வம். ஆனால் ஏரியைச் சுற்றி ஓடும்போது மெரினா வேகம் வரவில்லையே என்று முறுக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வராது.

"இரண்டு நாள் ஓய்வெடுத்தால் ரத்தம் ஊறிவிடும்."
ஊறாது. சிறுநீரகம் ரத்த அணுக்களுக்கான உத்தரவைச் சீக்கிரமே அனுப்பிவிடும். அணுக்கள் போதிய அளவு பெருக வாரங்கள் ஆகும். முதல் இரண்டு நாளில் நடப்பது வேறு: மூச்சு வேகமாகிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றி அது கெட்டியாகிறது. அந்த மாற்றங்களுக்காகத்தான் அந்த ஓய்வு. ஒரு வாரம் மலையில் ஓடிவிட்டு வந்து ஊரில் சாதனை படைக்கலாம் என்ற கணக்கும் இதனால்தான் தப்பு. வீரர்கள் மூன்று நான்கு வாரம் முகாம் போடுவது சும்மா இல்லை.

"கற்பூரம் முகர்ந்தால் போதும்."
கைக்குட்டையில் முடிந்த கற்பூரம் இல்லாத லடாக் வேன் அபூர்வம். முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஆழமாக இழுத்ததில் ஆக்சிமீட்டர் எண் சற்று ஏறினால் அது மூச்சின் வேலை, கற்பூரத்தின் வேலையல்ல. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் மலைநோயைத் தடுக்காது. தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

பிறகு எப்படித்தான் ஓடுவது? லேயில் முதல் இரண்டு நாள் மெதுவான நடை மட்டும். மூன்றாம் நாள் தலைவலி இல்லையென்றால் சமதரையில் இருபது நிமிடம், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். மலைநோய்க்கான மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உயரம் குறைந்த இடத்துக்கு இறங்க ஏற்பாடு செய்யுங்கள்.