புயல் வருமுன் பேச வேண்டிய பேச்சு



ஐப்பசி பிறந்தால் கடற்கரையோரத்தில் கூரையைப் பழுது பார்க்கிறோம். அரிசியும் விறகும் சேர்த்து வைக்கிறோம். உள்ளறையில் நடக்க இயலாமல் படுத்திருக்கும் தகப்பனாரை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதை மாத்திரம் பேசுகிறதில்லை. பேசினால் அபசகுனம் என்று எண்ணுகிறோம் போலும்!

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து அநேக கிராமங்கள் நாட்கணக்காய் இருளில் கிடந்தன. ஆயினும் அது சொல்லாமல் வந்த புயலல்ல. சில நாள் முன்னதாகவே எச்சரிக்கை வந்திருந்தது. அந்த அவகாசம் யாருக்கு அதிகம் வேண்டும்? ஓடக் கூடியவனுக்கல்ல. சேற்றில் சக்கர நாற்காலி உருளாது. ஆகையால் ஊனமுற்றவர் இருக்கும் வீட்டார் முதல் எச்சரிக்கையிலேயே, பகல் வெளிச்சத்தில், புறப்பட்டுவிட வேண்டும்.

ஏற்பாடு செய்யுமுன் அவரையே கேளுங்கள். எங்கே பிடித்துத் தூக்கினால் நோகும் என்பது அவருக்குத்தான் தெரியும். கண் தெரியாதவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும். முகாமுக்குப் போனதும் தண்ணீர் எங்கே, கக்கூசு எங்கே என்று ஒரு முறை நடத்திக் காட்டுங்கள். காது கேளாதவருக்கோ ஒலிபெருக்கி வண்டியால் பயனில்லை. அண்டை வீட்டார் ஒருவர் அவருக்கென்று பொறுப்பேற்க வேண்டும். இருட்டில் கைச்சாடை தெரியாதாகையால் டார்ச் விளக்கும் அவசியம்.

ஒரு வாரத்து மருந்து, டாக்டர் சீட்டு, அடையாள அட்டையின் நகல் இவற்றை நனையாத பையில் வையுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரக்கூடும். சாமான் அதிகம் என்று ஊன்றுகோலை விட்டுப் போகிறவர்களும் உண்டு. அது சாமானல்ல, அவருடைய கால்.

இனி, கவனித்துக்கொள்பவரைப் பற்றி. பெரும்பாலும் தாய், அல்லது மனைவி. மருந்து வேளை, ஊட்டும் விதம், பிள்ளை மிரண்டால் சாந்தப்படுத்தும் விதம், எல்லாம் அந்த ஒருத்திக்கே தெரியும். புயலன்று அவளே காய்ச்சலில் கிடந்தால் என்ன செய்வது? இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டாவது ஆள் ஒருவரை இப்போதே பழக்கிவிடுங்கள். புயல் வராவிட்டாலும் அவளுக்கு ஒரு நாள் ஓய்வாவது கிடைக்கும்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இவர்களுடைய விவரப் பதிவேட்டை வைத்திருந்து, அபாயத்தை இவர்களுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. ஆகவே பதிவேட்டில் பெயர் உண்டா என்று விசாரிப்பது பிச்சை கேட்பதாகாது. தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, ஆம்புலன்சுக்கு 108.

இந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின், அவர் சம்மதத்தோடு, கைப்பிடியுள்ள உறுதியான மர நாற்காலியில் அவரை உட்கார்த்தி, இருவராய்த் தூக்கித் தெருவரை ஒரு தடவை போய் வாருங்கள். கதவு அகலம் போதுமா, வாசற்படி இடறுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.