ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பர். ஒரே நீரில் ஒருசேர வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். தோலுக்குப் பொருந்துமா? தோல் ஆலைகளில் குரோமியத்தால் பதனிட்ட தோலின் சிறு துண்டைக் கொதிநீரில் இடுவர். சுருங்காவிடில் பதம் சரி. மெல்லிய வயிற்றுப் பகுதியில் குரோமியம் விரைவில் ஊறும். தடித்த கழுத்தில் தாமதமாகவே ஊறும். எனவே தடித்த இடத்துத் துண்டே மெய் கூறும்.

பாலாற்றங்கரைக் கிணறுகளும் இத்தகையனவே. தோல் கழிவுநீரால் பாலாறு மாசுபட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஒரு கிணற்று நீர் நன்றெனின் அடுத்ததும் நன்றென்று கொள்ளலாகாது. தவறினால் கேடு தோலுக்கன்று, அந்நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு.

நண்பர்களே! கருவி துல்லியமாயிருந்தால் போதாது; மாதிரி எடுத்த இடமும் தகுந்ததாயிருத்தல் வேண்டும்.