நெற்றாள் கரியும் கீரைச் சோதனையும்

ஐப்பசியில் பஞ்சாப் உழவர் கொளுத்தும் நெற்றாளின் புகை டில்லிவரை வருவதை நாம் அறிவோம். அத்தாளையே காற்றுப் புகாத கலத்தில் 500 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால், நுண்துளைகள் நிறைந்த கரி கிடைக்கும்.

கீரையில் பூச்சிமருந்து உண்டா என்று காண, அதனை அரைத்து அசிட்டோநைட்ரில் என்னும் கரைப்பானில் குலுக்குகிறோம். மருந்தோடு பச்சையமும் இறங்கிக் கருவியை அழுக்காக்கிவிடும். சிறிது கரித்தூளை இட்டால் பச்சையம் அதில் ஒட்டிக்கொள்ளும், திரவம் தெளியும். விலைகொடுத்து வாங்கும் கிராபைட்டுக் கரிக்கும் இதுவே வேலை.

தெளிவைக் கண்டு மயங்கலாகாது! நானும் ஒருமுறை மயங்கினேன். தயபெண்டசோல் போன்ற, தட்டை மூலக்கூறுடைய மருந்துகளையும் கரி பற்றிக்கொள்ளும். நஞ்சுடைய கீரை நல்ல கீரையாகத் தோன்றும். ஆகவே மருந்தில்லாக் கீரையில் 100 பங்கு மருந்தை நாமே கலந்து, எத்தனை பங்கு மீள்கிறது என அளக்க வேண்டும். 70க்குக் குறைந்தால், கரியைக் குறைத்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.